கையில் வரும் கட்டியை எடுத்தவர்கள் சொல்லுங்கள்

யாங்கோனிலிருந்து:

தங்கச்சி, கையில் தோலுக்கடியில் கட்டி இருக்கிறது, எடுத்தவர்கள் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தீர்கள். எனக்கும் அப்படியே இருந்தது. இடது முன்கையில் மூன்று, வலது முழங்கையின் உள்பக்கம் ஒன்று. எங்கள் அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் கையிலும் தொடையிலும் கட்டிகள் உண்டு. சில குடும்பங்களில் கொழுப்புக் கட்டி வழிவழியாக வரும். அப்பா கடைசிவரை ஒன்றைக்கூட எடுக்கவில்லை, எடுக்க வேண்டிய அவசியமும் வரவில்லை. வலிக்காமல், வளராமல் இருக்கிற கட்டியை வெட்டியே ஆகவேண்டும் என்று யாராவது அவசரப்படுத்தினால் இன்னொரு டாக்டரையும் பாருங்கள்.

நான் எடுத்தது வலி தாங்காமல்தான். முன்கையில் இருந்தவை பாத்திரம் தேய்க்கும்போது பட்டாலே சுரீர் என்றன. சயா, அதாவது எங்கள் டாக்டர், விரலால் உருட்டிப் பார்த்தார். ரத்தக்குழாய் கலந்த கொழுப்புக் கட்டியாக இருக்கலாம், ஆஞ்சியோலைப்போமா என்பார்கள், முன்கையில்தான் அதிகம் வரும், இந்த வகைதான் வலிக்கும் என்றார். முழங்கையில் இருந்ததை மட்டும் தொடமாட்டேன் என்றுவிட்டார். சுண்டுவிரலுக்கும் மோதிரவிரலுக்கும் போகிற நரம்பு அந்த வழியாகத்தான் ஓடுகிறதாம். வலியும் இல்லை, விரல் மரத்துப்போகவும் இல்லை, அப்படியே இருக்கட்டும் என்றார். வந்த நோயாளியிடம் இதைச் செய்யமாட்டேன் என்று சொல்கிற டாக்டர் மேல் எனக்கு மரியாதை கூடித்தான் போனது.

ஆஸ்பத்திரியில் தங்க வேண்டியதில்லை. முதலில் ஒவ்வொரு கட்டியைச் சுற்றியும் பேனாவால் வட்டம் போட்டார்கள். ஊசி மருந்து இறங்கி இடம் உப்பிவிட்டால் கட்டி எங்கே என்று கைக்குத் தட்டுப்படாதாம். அந்த மரத்துப்போகும் ஊசி இறங்கும்போது நல்ல எரிச்சல். வலித்தது அவ்வளவுதான். அப்புறம் இழுப்பதும் தள்ளுவதும் தெரியும், வலி தெரியாது. கட்டியைவிடச் சின்னதாகத்தான் கீறினார். இரண்டு கட்டைவிரலாலும் ஓரத்தை அழுத்தினார், மஞ்சளாக எட்டிப் பார்த்து, வழுக்கிக்கொண்டு வெளியே வந்து விழுந்தது. கோழி உரிக்கும்போது தோலுக்கு அடியில் ஒட்டியிருக்குமே, அச்சு அசல் அந்தக் கொழுப்பேதான். நடுவில் கரண்ட் போய் ஜெனரேட்டர் எடுக்கும்வரை நர்ஸம்மா டார்ச் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

நான் உங்களிடம் அழுத்திச் சொல்ல வந்தது இனிமேல்தான். எடுத்த கட்டிகளை ஃபார்மலின் ஊற்றிய பாட்டிலில் போட்டு, பயாப்சிக்கு, அதாவது லேபில் சோதித்துப் பார்க்க, தனியாகக் காசு ஆகும், அனுப்பவா என்று கேட்டார்கள். "கண்ணுக்கே கொழுப்புன்னு தெரியுதே, எதுக்கு?" என்றார் வீட்டுக்காரர். அனுப்புங்கள் என்றேன். பார்க்கக் கொழுப்பாக இருப்பதற்குள் லைப்போசார்கோமா என்ற புற்றுநோய் இருப்பதும் உண்டு. மிக அரிது, ஆனால் உண்டு. நுண்ணோக்கியில் பார்த்தால்தான் நிச்சயமாகத் தெரியும். காசு போனால் சம்பாதிக்கலாம், அந்தக் காகிதம் கையில் இருந்தால் மனசுக்குத் தைரியம். எனக்கு நல்லபடியாகவே வந்தது.

உங்கள் கட்டி 5 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தாலோ, கொஞ்ச மாதத்திலேயே விறுவிறுவென்று வளர்ந்தாலோ, இறுகிப்போய் விரலுக்கு நகராமல் இருந்தாலோ, முதலில் ஸ்கேன், அப்புறம்தான் கத்தி. சின்ன கிளினிக்கில் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

தையல் பிரிக்க 7 முதல் 10 நாள், மூட்டுப் பக்கம் என்றால் 14 வரை ஆகும். அதனால் ஏப்ரலில் நாள் குறிக்க வேண்டாம். அப்போதுதான் திஞ்சான், பர்மியப் புத்தாண்டுக்கு ஒருவர் மேல் ஒருவர் தண்ணீர் ஊற்றும் திருவிழா. அந்தத் தண்ணீருக்குக் கட்டுப்போட்ட கை, கட்டுப்போடாத கை என்ற வித்தியாசம் தெரியாது, அதுவும் எந்த டிரம்மில் பிடித்த தண்ணீரோ! மாமியார் ஙப்பி என்கிற புளித்த மீன் விழுது, கருவாடு, கத்தரிக்காய் மூன்றையும் நிறுத்திவிட்டார்கள். சயாவைக் கேட்டேன். எல்லாம் சாப்பிடலாம், மீனும் முட்டையும் நன்றாகவே சாப்பிடு, புண் ஆற அதுதான் வேண்டும் என்றார். முகத்திலும் கையிலும் பூசுகிற தனகா மரப்பட்டை விழுது மட்டும் தையல் இருக்கும்வரை அந்தப் பக்கமே போகக்கூடாது.

மோல்மேனிலிருந்து:

அக்கா சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். உருண்டையாக இருப்பதெல்லாம் கொழுப்புக் கட்டி இல்லை. என் மேல்கையில் இருந்ததற்கு நடுவில் ஊசிமுனை அளவு கரும்புள்ளி இருந்தது, அழுத்தினால் நாற்றத்தோடு வெள்ளையாகக் கசியும். அது சிஸ்ட், தோலுக்கடியில் இருக்கும் பை. பிழிந்து எடுத்தால் திரும்ப நிரம்பிக்கொள்ளும், பையோடு முழுசாக எடுத்தால்தான் தீரும். எனக்குச் சீழ் வைத்துச் சிவந்திருந்ததால் அன்றைக்கு வெட்டவில்லை. சீழை மட்டும் வடித்து, மாத்திரை கொடுத்து, நன்றாக ஆறிய பிறகு வரச்சொல்லித்தான் பையை எடுத்தார்கள்.

பெகுவிலிருந்து:

என் மகளுக்குத் தோள்பட்டைக்குக் கீழே சின்னதாக ஒன்று. டாக்டரம்மா கட்டியைப் பார்ப்பதற்கு முன்னாலேயே, குழந்தையில் போட்ட பிசிஜி தடுப்பூசித் தழும்பைக் காட்டச் சொன்னார். அது தடித்து, பளபளவென்று ஊசி போட்ட இடத்தைத் தாண்டி வளர்ந்திருந்தது. கீலாய்டு உடம்பு என்றார். நம்மைப் போலக் கறுத்த தோலில் இது அதிகமாம், அதிலும் தோளும் நெஞ்சும் காதுமடலும் மோசமான இடங்களாம். வெட்டினால் கட்டியைவிடத் தழும்பு பெரிதாகிவிடும் என்று பக்குவமாக எடுத்துச் சொன்னார். மகளுக்குக் கல்யாணம் பேசுகிற நேரம், எடுத்தே ஆகவேண்டும் என்று சொந்தக்காரர்கள் நெருக்கினார்கள். நாங்கள் எடுக்கவில்லை. டேப் வைத்து அளந்து எழுதி வைத்திருக்கிறோம், வளர்ந்தால் பார்த்துக்கொள்ளலாம்.

யாங்கோனிலிருந்து:

விட்டுப்போனது ஒன்று. ரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரின் மாதிரி மாத்திரை எடுப்பவர்கள் அதை முன்னாலேயே சொல்லிவிடுங்கள். நீங்களாக நிறுத்திவிட்டுப் போகாதீர்கள், நிறுத்துவதா வேண்டாமா என்று டாக்டர் சொல்லட்டும். தங்கச்சி, உங்கள் கட்டி வலிக்கிறதா இல்லையா என்று எழுதவே இல்லையே?