கறுப்பு வெள்ளைப் பந்து எங்கே போனது?

இடதுகால் கேட்டது:

போன வாரம் என் மகள் பள்ளிக்கு ஒரு கால்பந்து மைதானம் வரைந்துகொண்டிருந்தாள். பந்து மட்டும் வரவில்லை என்று என்னிடம் நீட்டினாள். நடுவில் ஒரு அறுகோணம் போட்டுக் கறுப்படித்து, சுற்றிலும் வெள்ளை அறுகோணங்கள் போட்டுக் கொடுத்தேன். பார்த்துவிட்டு, "டிவியில வர்ற பந்து எதுவும் இப்படி இல்லையேப்பா" என்றாள். பதில் சொல்ல முடியவில்லை. எமோஜியிலும் கோப்பைகளின் மேலும் இன்னும் அந்தப் பந்துதான் இருக்கிறது. ஆனால் பெரிய போட்டிகளில் அதை நான் பார்த்ததே இல்லை. என்ன ஆயிற்று அதற்கு?

இன்னொரு கேள்வி, இது என் மானப் பிரச்சினை. ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்குப் புதிதாக ஒரு பந்து வாங்கினேன். தையலே கிடையாது, துண்டுகளைச் சூட்டில் ஒட்டியது, வழுவழுவென்று இருக்கிறது. பழைய தையல் பந்தில் ஆட்களைத் தாண்டி அழகாக வளையும் என் ஃப்ரீகிக், இதில் நேராகப் போய்க் கடைசி நேரத்தில் ஒரு குலுக்குக் குலுக்கி எங்கேயோ போகிறது. பந்தா, என் காலா?

ஆஃப்சைடு:

கால்.

பழைய கீப்பர்:

தம்பி, ஆஃப்சைடு சொன்னதைக் காதில் வாங்காதீர்கள். பாதி பந்துதான்.

முதலில் படத்துக்கு வருகிறேன். கறுப்பு அறுகோணம் இல்லை, கறுப்பு ஐங்கோணம். அறுகோணங்களை மட்டும் சேர்த்துக்கொண்டே போனால் தரையில் பதித்த ஓடு மாதிரி தட்டையாகத்தான் விரியும், உருண்டை வராது. இடையிடையே 12 ஐங்கோணம் விழுந்தால்தான் மூடும். 12 கறுப்பு, 20 வெள்ளை, ஆக 32 துண்டு.

இந்த 32 துண்டுப் பந்தை 1960களிலேயே டென்மார்க்கின் செலெக்ட் நிறுவனம் செய்துவிட்டது. அதை ஆரம்பித்த ஐகில் நீல்சன் அந்நாட்டு அணியின் கோல்கீப்பர். (எங்கள் ஆள் என்பதால் சொல்லாமல் விட மனமில்லை.) ஆனால் உலகம் முழுக்கப் பார்த்தது 1970 மெக்சிகோ உலகக் கோப்பையில், அடிடாஸின் டெல்ஸ்டார் என்ற பந்தாக. அப்போது பெரும்பாலான வீடுகளில் கறுப்பு வெள்ளை டிவி. பழுப்புத் தோல் பந்து அந்தத் திரையில் புல்லோடு புல்லாகக் கரைந்துவிடும். கறுப்புப் புள்ளி உருண்டால் பந்து எங்கே, எப்படிச் சுழல்கிறது என்று தெரியும். 1974லும் அதுதான். 1978ல் டாங்கோ என்ற பந்து வந்ததும் மேலே இருந்த அச்சு மட்டும் மாறியது. உள்ளே அதே 32 துண்டு, 2002 உலகக் கோப்பைப் பந்தான ஃபீவர்நோவா வரைக்கும். எலும்புக்கூடு ஒன்பது உலகக் கோப்பை ஆடியது, உங்கள் மகள் கேட்கும் அந்த உடுப்பு ஆடியது இரண்டுதான்.

அந்தக் காலப் பந்துகளை நானே தைத்திருக்கிறேன். வாங்கக் காசு இல்லை, வேறு வழி? மெழுகு தடவிய நூல், அதன் இரண்டு முனையிலும் ஒவ்வொரு ஊசி, ஒரே துளைக்குள் இரண்டு பக்கமிருந்தும் எதிரெதிராகப் போய் வரும். பந்தை உள்பக்கம் வெளியே இருக்கும்படி தைத்துவந்து, கொஞ்சம் மிச்சம் வைத்துத் திருப்பிப் போட வேண்டும். அப்புறம் அந்தக் கடைசி இடைவெளியை வெளியிலிருந்தே மூட வேண்டும். முடிச்சு உள்ளே போய் மறைய வேண்டும், ஊசி உள்ளே இருக்கும் காற்றுப் பையை, அதாவது பிளாடரைத் தொடக் கூடாது. நான் மூன்று பிளாடரைக் குத்திக் கிழித்த பிறகுதான் அது கைவந்தது. பாகிஸ்தானின் சியால்கோட்டில் இதையே பிழைப்பாகச் செய்பவர்களின் கையைப் பார்த்தால் கண் இமைக்கும் நேரத்தில் ஒரு தையல் முடிந்திருக்கும்.

இப்போது உங்கள் ஃப்ரீகிக். அந்தத் தையல் பள்ளங்கள் வெறும் இணைப்பு இல்லை. காற்று பந்தின் மேல் வழுக்கி வரும்போது பள்ளத்தில் தடுக்கிக் கலைகிறது. கலைந்த காற்று பந்தின் பின்பக்கம் வரை ஒட்டிக்கொண்டு போகும், அதனால் பின்னுக்கு இழுக்கும் விசை குறையும். வழுவழுப்பான பந்தில் அந்தக் கலக்கம் வர இன்னும் அதிக வேகம் வேண்டும். நீங்கள் அடித்த வேகத்தில் அது இருக்கும். போகப்போக வேகம் குறைந்து அந்த எல்லைக்குக் கீழே வரும்போது சட்டென்று இழுவை கூடும். சுழற்சியும் இல்லையென்றால் ஒரு பக்கம் காற்று ஒட்டியும் மறுபக்கம் விலகியும் பந்து இடமும் வலமுமாக ஆடும். கீப்பர் பாவம்.

2010 உலகக் கோப்பைப் பந்தான ஜபுலானியில் இதுதான் நடந்தது. எட்டே துண்டு, இணைப்புகள் குறைவு, ஆழமும் இல்லை. பிரேசில் கீப்பர் ஜூலியோ சீசர் அதைச் சூப்பர்மார்க்கெட் பந்து என்றே சொல்லிவிட்டார். வேடிக்கை என்னவென்றால் 2014 பிரசூகாவில் துண்டு இன்னும் குறைந்து ஆறு. ஆனால் துண்டுகளை வளைத்து நெளித்து வெட்டி, இணைப்பின் நீளத்தையும் ஆழத்தையும் கூட்டினார்கள், பந்து ஒழுங்காகப் பறந்தது. 2026 ட்ரையோண்டாவில் நான்கே துண்டு, பள்ளம் ஆழம். ஆகவே கடையில் துண்டை எண்ணாதீர்கள், நகத்தால் பள்ளத்தைத் தடவிப் பாருங்கள்.

மீதிப் பாதி உங்கள் கால். சுழற்சி கொடுத்தால் எந்தப் பந்தும் வளையும். பந்துக்குள் அடைத்த காற்றையும் பாருங்கள். விதிப்படி 0.6 முதல் 1.1 வளிமண்டல அழுத்தம், அதாவது மானியில் காட்டும் பிஎஸ்ஐ அலகில் ஏறக்குறைய 8.5 முதல் 15.6. நம் ஆட்கள் கல் மாதிரி ஆகும்வரை பம்ப் அடிப்பார்கள்.

கணக்கு டீச்சர்:

கீப்பர் சார் சொன்ன ஐங்கோணக் கதைக்கு ஒரு வால். இங்கிலாந்தில் கால்பந்து மைதானத்துக்கு வழிகாட்டும் சாலைப் பலகையில் இருக்கும் பந்தில் எல்லாமே அறுகோணம்தான். அப்படி ஒரு பந்து செய்யவே முடியாது. 2017ல் ஒருவர் மாற்றச் சொல்லி அரசுக்கு மனுப் போட்டார், ஆயிரக்கணக்கானவர்கள் கையெழுத்திட்டார்கள். மாற்ற முடியாது என்று பதில் வந்தது.

அதே வடிவத்தில் 60 கார்பன் அணுக்கள் சேர்ந்த மூலக்கூறு ஒன்று உண்டு, 1985ல் கண்டுபிடித்தார்கள், 1996ல் நோபல். பந்தின் மூலைகளை எண்ணிப் பாருங்கள், அதுவும் 60. நான் வகுப்பில் பந்தைக் கொடுத்து எண்ணச் சொல்வேன். முதல் தடவை 60 சொன்ன பிள்ளை இதுவரை இல்லை, எண்ணியதையே திரும்ப எண்ணுவார்கள்.

இடதுகால்:

கீப்பர் அண்ணா, நன்றி. காற்றழுத்த மானியை வைத்துப் பார்த்தேன், 17 பிஎஸ்ஐ காட்டியது! 10க்கு இறக்கிவிட்டு ஆடினோம். பத்தில் நான்கு வளைந்தது. பந்தின் நடுவில் குத்தாமல் ஓரத்தை உரசி அடிக்கவும் பழகுகிறேன், ஆஃப்சைடு சிரித்துக்கொள்ளட்டும்.

படத்தைத் திருத்தலாம் என்று தேடினேன். மகள் அதற்குள் வண்ணமடித்துக் கொடுத்துவிட்டாளாம். அவளுடைய டீச்சர் பந்தைச் சுற்றி ஒரு டிக் போட்டிருக்கிறார்.