சாப்பிடக் கூடும் இடத்தில் படம் எடுப்பது: யாரிடம், எப்போது கேட்பது?

கேள்வி:
சாப்பாட்டுப் பிரியர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் அவ்வப்போது கூடிச் சாப்பிடுகிறோம், பாதிப் பேர் இணையத்தில் மட்டுமே பழக்கம். படம் எடுப்பது பெரும்பாலும் நான்தான். போன தடவை எடுத்ததையெல்லாம் அன்று இரவே பொதுவில் போட்டுவிட்டேன். காலையில் ஒருவர், தான் இருக்கும் மூன்று படங்களை மட்டும் நீக்கிவிடச் சொல்லித் தனியாக எழுதினார். உடனே நீக்கினேன். நீக்கும்போதுதான் பார்த்தேன், மூன்றிலும் அவர் மெனு அட்டையைப் பாதி முகம் வரை தூக்கிப் பிடித்திருக்கிறார். எடுக்கும்போது அது என் கண்ணில் படவே இல்லை. ஆரம்பத்தில் "படம் எடுக்கலாம்தானே?" என்று எல்லாரையும் கேட்டேன், யாரும் மறுக்கவில்லை. வேறு எப்படிக் கேட்டிருக்க வேண்டும்?

பதில் 1:
பத்துப் பேர் நடுவில் கேட்டால் யார் வேண்டாம் என்பார்கள்? புதிதாக வந்தவர் கட்டாயம் சொல்லமாட்டார். வருகிறீர்களா என்று கேட்கும் செய்தியிலேயே இதையும் தனித்தனியாகக் கேட்டுவிடுங்கள். வேண்டாம் என்றால் காரணம் கேட்காதீர்கள், அது அவர் விஷயம். அவர்களை மேஜையின் ஒரு ஓரமாக உட்காரவைத்து, நீங்களும் அதே பக்கம் உட்கார்ந்து எதிர்ப்பக்கம் எடுங்கள். அப்புறம், எடுக்கச் சம்மதிப்பது வேறு, பொதுவில் போடச் சம்மதிப்பது வேறு. இரண்டையும் கேளுங்கள்.

பதில் 2:
தட்டை மட்டும் எடுத்தால் பிரச்சினை இல்லை என்று நினைக்க வேண்டாம். எவர்சில்வர் டம்ளரில் எதிரே இருப்பவர் தெரிவார், தட்டுக்குப் பக்கத்தில் யாருடைய போனாவது திறந்து கிடக்கும், கழுத்தில் அலுவலக அடையாள அட்டை தொங்கும். போடுவதற்கு முன் ஒருமுறை பெரிதாக்கிப் பாருங்கள். யாராவது வீட்டில் கூடினால் கேமராவில் லொகேஷனை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அந்த வீடு இருக்கும் இடமே படக் கோப்புக்குள் பதிந்துவிடும். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அந்த விவரம் போய்விடும், டாக்குமென்ட்டாக அனுப்பினால் அப்படியே போகும். ஐபோனில் லைவ் போட்டோ இருந்தால் படத்துக்கு முன்னும் பின்னும் ஒன்றரை வினாடி பேச்சும் சேர்ந்தே பதிவாகும், இதைப் பலர் யோசிப்பதே இல்லை.

பதில் 3:
மேலே சொன்னதெல்லாம் சரி, ஆனால் இதற்காகப் படமே வேண்டாம் என்று ஆகிவிடக் கூடாது. எங்கள் கூட்டத்தில் உணவு வந்ததும் இரண்டு நிமிடம் படத்துக்கு, அதன்பின் போன் பைக்குள். யாரும் ஆறிப்போன சாப்பாட்டைப் பார்த்துக்கொண்டு காத்திருக்க வேண்டியதில்லை, வாயைத் திறந்தபடி யாரும் படத்தில் சிக்குவதும் இல்லை. படங்கள் முதலில் குழுவுக்குள் போகும், ஒரு நாள் கழித்து, யாரும் வேண்டாம் என்று சொல்லாதவை மட்டும் வெளியே. பொதுவில் போனபின் நீங்கள் நீக்கினாலும் அதற்குள் சேமித்தவர்களிடம் இருக்கத்தானே செய்யும். பக்கத்து மேஜைக்காரர்களையும் பரிமாறுகிறவர்களையும் மறக்காதீர்கள், அவர்களை யாரும் கேட்பதே இல்லை.

கேள்வி கேட்டவர்:
எல்லாருக்கும் நன்றி. ஒரு நாள் காத்திருப்பதையும் தனியாகக் கேட்பதையும் அடுத்த தடவையே தொடங்குகிறேன். மற்ற படங்களையும் பெரிதாக்கிப் பார்த்தேன், இரண்டில் பக்கத்து மேஜைக் குழந்தை தெளிவாகத் தெரிகிறது, அவற்றையும் நீக்கிவிட்டேன். படங்களை நீக்கச் சொன்னவரிடமும் மன்னிப்புக் கேட்டு எழுதியிருக்கிறேன், இன்னும் பதில் வரவில்லை.