ஸ்பானிய மொழியின் இரண்டு இறந்தகாலங்கள்: எதை எங்கே இடுவது?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். ஸ்பானிய மொழியில் நிகழ்காலத்தில் ஓரளவு தடையின்றி எழுதும் நிலைக்கு வந்துவிட்டேன். ஆனால் நடந்து முடிந்த ஒன்றைச் சொல்லத் தொடங்கியதும் ஒவ்வொரு வினையிலும் தயங்கி நின்றுவிடுகிறேன். இந்தெஃபினிதோ, இம்பெர்ஃபெக்தோ ஆகிய இரண்டு இறந்தகாலங்களின் விகுதிகளும் எனக்கு மனப்பாடம். எந்த இடத்தில் எதை இடுவது என்பதுதான் பிடிபடவில்லை.

நான் படிக்கும் பாடநூல் இரண்டு வழிகளைச் சொல்கிறது. நேற்றைக் குறிக்கும் 'அயேர்' போன்ற சொற்கள் வந்தால் இந்தெஃபினிதோ, எப்போதும் என்று பொருள்படும் 'சியேம்ப்ரே' போன்றவை வந்தால் இம்பெர்ஃபெக்தோ என்பது ஒன்று. சட்டென்று முடியும் செயலுக்கு முதலாவது, நெடுங்காலம் நீடித்த செயலுக்கு இரண்டாவது என்பது மற்றொன்று. ஆனால் வாசிக்கும்போது இவ்விரண்டையும் மீறும் வாக்கியங்களே கண்ணில் படுகின்றன. 'செவியாவில் பத்து ஆண்டுகள் வாழ்ந்தேன்' என்பதை 'விவீ தியேஸ் ஆன்யோஸ் என் செவியா' என்று இந்தெஃபினிதோவில் எழுதுகிறார்கள். பத்து ஆண்டுகள் குறுகிய காலமா? 'நான் எப்போதுமே மருத்துவராக விரும்பினேன்' என்பதை 'சியேம்ப்ரே கீசே செர் மேதிகோ' என்கிறார்கள். அங்கே 'சியேம்ப்ரே' இருந்தும் வினை இந்தெஃபினிதோவில்தான் நிற்கிறது. இவற்றை விதிவிலக்குகள் என்று ஒதுக்க மனம் வரவில்லை. அடிப்படையில் இந்த வேறுபாடு எதன் மேல் நிற்கிறது என்பதை விளக்க முடியுமா?

மறுமொழி 1

நீங்கள் ஐயப்பட்டது முற்றிலும் சரி, நண்பரே. அந்த இரண்டு வழிகளுமே தொடக்கநிலை மாணவருக்குத் தற்காலிகமாகக் கைகொடுப்பவை. மொழியின் உள்ளமைப்பைச் சொல்பவை அல்ல. குறிப்பாக, கால அளவைப் பற்றிய விதியை இன்றே கைவிட்டுவிடுங்கள்.

செயல் எவ்வளவு காலம் நீடித்தது என்பதை இந்த இரண்டு வடிவங்களும் கணக்கிலேயே எடுப்பதில்லை. சொல்பவர் அந்தச் செயலை எங்கிருந்து பார்க்கிறார் என்பதைத்தான் இவை காட்டுகின்றன. செயலுக்கு வெளியே நின்று, அதன் தொடக்கமும் முடிவும் உள்ளடங்கும்படி முழுமையாகப் பார்த்தால் இந்தெஃபினிதோ. செயல் நடந்துகொண்டிருந்த ஒரு நேரத்துக்குள் போய் நின்று, அதன் தொடக்கத்தையோ முடிவையோ பொருட்படுத்தாமல் பார்த்தால் இம்பெர்ஃபெக்தோ.

வரலாற்றிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு. ஸ்பெயினின் உள்நாட்டுப் போர் 1936-இல் தொடங்கி 1939-இல் முடிந்தது. 'போர் ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் நீடித்தது' என்பதை 'லா கேர்ரா துரோ காசி த்ரேஸ் ஆன்யோஸ்' என்று சொல்ல வேண்டும். 'நீடித்தது' என்ற பொருளே இருந்தாலும், மொத்தக் காலத்தையும் அளந்து சொல்லிவிட்டதால் போரின் இரண்டு எல்லைகளும் பார்வைக்குள் வந்துவிடுகின்றன, ஆகவே 'துரோ'. அந்தப் போருக்குப் பின் ஃப்ராங்கோ 1975-இல் இறக்கும் வரை ஆட்சியில் இருந்தார். '1975 வரை ஆண்டார்' என்றால் 'கொபெர்னோ'. '1950-இல் ஸ்பெயினை ஆண்டுகொண்டிருந்தவர் ஃப்ராங்கோ' என்றால் 'கொபெர்னாபா'. ஆள் ஒருவரே, ஆட்சியும் ஒன்றே. முதல் வாக்கியத்தைச் சொல்பவர் அந்த ஆட்சியின் முடிவையும் சேர்த்துப் பார்க்கிறார். இரண்டாவது வாக்கியத்தைச் சொல்பவர் 1950-ஆம் ஆண்டுக்குள் நின்று சுற்றிலும் பார்க்கிறார், அங்கிருந்து முடிவு தெரியாது. உங்கள் செவியா வாக்கியத்துக்கும் இதுவே விடை: 'பத்து ஆண்டுகள்' என்ற அளவே வேலி போட்டுவிடுகிறது.

எதிர்த்திசையிலும் பாருங்கள். ஒரு ரயில் புறப்படுவது ஒரு நொடிச் செயல். 'எல் த்ரேன் சலியோ அ லாஸ் சின்கோ' என்றால் ரயில் ஐந்து மணிக்குப் புறப்பட்டது, போயே போய்விட்டது. 'எல் த்ரேன் சலியா அ லாஸ் சின்கோ' என்றால் அது ஐந்து மணிக்குப் புறப்படும் ரயில், அல்லது அன்று ஐந்துக்குப் புறப்படவேண்டியிருந்தது என்று பொருள். உண்மையில் புறப்பட்டதா, தாமதமானதா என்பதை அந்த வினை சொல்லவில்லை.

எண்ணிக்கை வரும் இடத்தில் சற்றுக் கவனம் வேண்டும். 'மூன்று முறை லீமாவுக்குப் போனேன்' என்பது கூட்டிக் கழித்து முடித்த கணக்கு, எனவே 'ஃபுயி'. 'லீமாவில் வாழ்ந்தபோது வாரத்துக்கு மூன்று முறை கடற்கரைக்குப் போவேன்' என்பதிலும் மூன்று முறைதான் வருகிறது. ஆனால் அது கணக்கு முடியாத ஒரு வழக்கம், எனவே 'ஈபா'. சொற்பட்டியலை நம்பி எழுதுபவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள். 'சியேம்ப்ரே' என்ற சொல்லும் இப்படித்தான்: 'வாழ்நாள் முழுவதும் விரும்பினேன்' என்று மொத்தமாகத் தொகுத்துச் சொன்னால் 'கீசே', ஒரு காலகட்டத்தின் மனநிலையாகச் சொன்னால் 'கெரியா'.

மறுமொழி 2

மேலே சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். தமிழ் பேசுபவர்களுக்கு இதில் ஓர் அனுகூலம் இருக்கிறது. அதை நாம் போதிய அளவு பயன்படுத்திக்கொள்வதில்லை என்பது என் எண்ணம்.

'அப்போதெல்லாம் அவர் மாலையில் வருவார், நெடுநேரம் பேசுவார்' என்று நாம் சொல்லும்போது, வினைகள் எதிர்கால வடிவில் இருந்தாலும் பொருள் கடந்தகாலப் பழக்கம். இப்படி 'வருவார், பேசுவார்' என்று தமிழில் இயல்பாக வந்து விழும் இடங்களில் ஸ்பானியத்தில் ஏறக்குறைய எப்போதும் இம்பெர்ஃபெக்தோதான்: 'வெனியா', 'ஆப்லாபா'. 'பேசிக்கொண்டிருந்தார்' என்று வரும் பெரும்பாலான இடங்களிலும் அதையே எழுதலாம். 'வந்தார், பேசினார், போனார்' என்று அடுக்கடுக்காக நிகழ்ச்சிகள் நகர்ந்தால் 'வீனோ, ஆப்லோ, சே ஃபுவே' என்று இந்தெஃபினிதோ. எழுதுவதற்கு முன் வாக்கியத்தைத் தமிழில் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தால் இந்த அளவுக்கு வழி கிடைத்துவிடும்.

ஆனால் தமிழ் கைவிடும் இடம் ஒன்று உண்டு. அது நிலையைக் குறிக்கும் வினைகள். 'உடல்நலமின்றி இருந்தேன்' என்ற தமிழ் வாக்கியம் இரண்டுக்கும் பொருந்தும். 'எஸ்தாபா என்ஃபெர்மோ' என்று சொன்னால், கேட்பவர் அடுத்த செய்திக்காகக் காத்திருப்பார்: நீங்கள் நோயுற்றிருந்தபோது என்ன நடந்தது, அல்லது அதனால் எங்கே வரமுடியாமல் போயிற்று? 'எஸ்தூவே என்ஃபெர்மோ' என்று சொன்னால் செய்தி அத்துடன் நிறைவடைகிறது: நோய் வந்தது, இருந்தது, நீங்கியது. அப்படியே 'ஏரா ப்ரெசிதெந்தே' என்பது அந்த நேரத்தில் ஒருவர் வகித்த பதவி. 'ஃபுவே ப்ரெசிதெந்தே' என்பது அவர் ஒருகாலத்தில் வகித்து முடித்த பதவி. தமிழில் இரண்டும் 'அதிபராக இருந்தார்' என்றே வரும். 'இருந்தார், இருந்தது, தெரிந்தது, முடிந்தது' ஆகிய சொற்கள் உங்கள் தமிழ் வாக்கியத்தில் வந்தால், அங்கே தமிழை நம்பாமல் முதல் மறுமொழியில் சொல்லப்பட்ட பார்வையைக் கொண்டு முடிவெடுங்கள்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. கால அளவு என்ற எண்ணத்தை விட்டுவிட்டு ஒரு சிறு பத்தி எழுதிப் பார்த்தேன். தயவுசெய்து திருத்தித் தாருங்கள்.

'அயேர் யெகே அ காசா அ லாஸ் சியேதே. யொவியா. மி எர்மானா யொரோ போர்கே நோ சூபோ தோந்தே எஸ்தாபான் சுஸ் யாவேஸ். தூவே கே சலீர் ஓத்ரா வேஸ், ஔன்கே நோ கீசே.'

நான் சொல்ல விரும்பியது இது: 'நேற்று ஏழு மணிக்கு வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். மழை பெய்துகொண்டிருந்தது. தன் சாவிகள் எங்கே இருக்கின்றன என்று தெரியாததால் என் தங்கை அழுதுகொண்டிருந்தாள். விருப்பமில்லாவிட்டாலும் நான் மறுபடியும் வெளியே போக வேண்டியதாயிற்று.'

மறுமொழி 3

வந்து சேர்ந்ததும் மழையும் சரியாக அமைந்துள்ளன. 'யெகே' கதையை ஓரடி நகர்த்துகிறது. 'யொவியா' நீங்கள் வந்த நேரத்தில் சுற்றிலும் இருந்ததைக் காட்டுகிறது. மற்ற வினைகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

'யொரோ' என்று எழுதியதால், நீங்கள் வந்த பிறகுதான் தங்கை அழத் தொடங்கினாள் என்று ஸ்பானியர் ஒருவர் படித்துக்கொள்வார். 'நான் வந்தேன், அவள் அழுதாள்' என்று ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு நிகழ்ச்சிகள். உங்கள் வருகையே அவள் அழுகைக்குக் காரணம் என்றுகூடத் தோன்றும். நீங்கள் கதவைத் திறந்தபோதே அவள் அழுதுகொண்டிருந்தாள் என்றால் 'யொராபா' என்று எழுத வேண்டும். ஒரு விகுதியால் கதையே மாறிவிடும் இடம் இது.

'நோ சூபோ' என்பதும் அப்படியே. அறிந்திருத்தலைக் குறிக்கும் இந்த வினை இம்பெர்ஃபெக்தோவில் வந்தால் தெரிந்திருந்த நிலை. இந்தெஃபினிதோவில் உடன்பாடாக வந்தால் பெரும்பாலும் தெரியவந்த அந்தக் கணம். 'சபியா லா வெர்தாத்' என்றால் அவளுக்கு உண்மை தெரிந்திருந்தது. 'சூபோ லா வெர்தாத்' என்றால் அவளுக்கு உண்மை தெரியவந்தது. எதிர்மறையில் 'நோ சூபோ' என்றால், யாரோ கேட்டபோது அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை என்ற சாயல் வரும். சாவிகள் இருக்குமிடம் தெரியாத நிலையிலேயே அவள் இருந்தாள் என்பதுதான் உங்கள் கருத்து. ஆகவே 'நோ சபியா'. ஒருவரை அறிந்திருப்பதைச் சொல்லும் 'கொனொசியா', அவரை முதன்முதலாகச் சந்தித்ததைச் சொல்லும் 'கொனொசீ' ஆகியவையும் இந்த வகையில் சேரும்.

கடைசி வாக்கியம்தான் எல்லாவற்றையும்விட முக்கியம். 'தெனியா கே சலீர்' என்றால் வெளியே போகவேண்டிய கட்டாயம் இருந்தது. போனீர்களா என்பது தெரியாது. நீங்கள் எழுதிய 'தூவே கே சலீர்' என்றால் கட்டாயம் இருந்தது, போயும்விட்டீர்கள். இது சரியே. ஆனால் அடுத்து வரும் 'நோ கீசே' என்பது 'விருப்பமில்லாமல் இருந்தேன்' என்று நிற்பதில்லை. 'மறுத்துவிட்டேன்' என்று பொருள் தருகிறது. வெளியே போனேன், ஆனால் போக மறுத்துவிட்டேன் என்று வாக்கியம் தன்னைத்தானே முறித்துக்கொள்கிறது. 'நோ கெரியா' என்று மாற்றினால், மனம் ஒப்பாமலே போனீர்கள் என்பது தெளிவாகிவிடும். இயலுவதைக் குறிக்கும் வினையிலும் இதே போக்கைக் காணலாம்: 'பொதியா' என்றால் செய்ய முடியும் என்ற நிலை இருந்தது, 'பூதே' என்றால் முயன்று செய்து முடித்தேன், 'நோ பூதே' என்றால் முயன்றும் முடியவில்லை.

மறுமொழி 4

ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். கதையில் பின்னணிக்கு இம்பெர்ஃபெக்தோ, முன்னால் நகரும் நிகழ்ச்சிகளுக்கு இந்தெஃபினிதோ என்று பலரும் கற்பிப்பதுண்டு. 'அடுத்து என்ன நடந்தது?' என்ற கேள்விக்கு விடையாக வரும் வினை இந்தெஃபினிதோ என்ற சோதனை கதை எழுதும்போது மிகவும் பயன்படும். ஆனால் தனித்து நிற்கும் ஒற்றை வாக்கியத்தில் பின்னணியும் இல்லை, முன்னணியும் இல்லை. அங்கே எல்லை தெரிகிறதா என்ற முதல் மறுமொழியின் கேள்விதான் துணை நிற்கும்.

கராகஸில் பிறந்த அறிஞர் ஆந்த்ரேஸ் பெயோ, 1847-இல் சிலியில் வெளியிட்ட இலக்கணத்தில், இம்பெர்ஃபெக்தோவுக்குக் 'கோப்ரெதேரிதோ' என்று பெயரிட்டார். மற்றொரு கடந்த நிகழ்ச்சியோடு உடன் நிகழும் இறந்தகாலம் என்பது அதன் கருத்து. மெக்சிகோவின் பள்ளி இலக்கணங்களில் இப்பெயர் வழங்குகிறது. எனக்கு இது மிகவும் பிடித்த பெயர், ஏனெனில் இம்பெர்ஃபெக்தோ எதையாவது பற்றிக்கொண்டுதான் நிற்கிறது. 'யொவியா' என்று மட்டும் சொன்னால் 'எப்போது?' என்ற கேள்வி எழும். உங்கள் பத்தியில் 'யெகே' அதற்குப் பற்றுக்கோடாக இருக்கிறது. நேரத்தைச் சொல்லும்போதும் வயதைச் சொல்லும்போதும் ('ஏரான் லாஸ் சியேதே', 'தெனியா வெயின்தே ஆன்யோஸ்') இம்பெர்ஃபெக்தோ வருவதற்கும் இதுவே காரணம்: ஏழு மணியும் இருபது வயதும் வேறொரு நிகழ்ச்சியை நிறுத்தி வைக்கும் இடங்கள்.

வடிவத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இம்பெர்ஃபெக்தோவில் ஒழுங்கு மீறும் வினைகள் 'செர்', 'ஈர்', 'வெர்' ஆகிய மூன்றே: 'ஏரா', 'ஈபா', 'வெயியா'. ஒழுங்கு மீறும் மற்ற வடிவங்களெல்லாம் இந்தெஃபினிதோவின் பக்கம்தான். அவற்றை மனப்பாடம் செய்வதைத் தவிர வேறு வழியில்லை.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. 'யொராபா', 'நோ சபியா', 'நோ கெரியா' என்று மாற்றிவிட்டேன். இப்போது பத்தி எனக்கே தெளிவாகத் தெரிகிறது. இறுதியாக ஒன்று: ஒரு வாழ்க்கைக் குறிப்பில் '1616-இல் செர்வாந்தெஸ் இறந்தார்' என்ற இடத்தில் 'முரியோ' என்று எதிர்பார்த்தேன், 'மொரியா' என்று இருந்தது. இறப்பு முடிந்துபோன நிகழ்ச்சி அல்லவா?

மறுமொழி 1

முடிந்த நிகழ்ச்சிதான். செய்தித்தாள்களிலும் வாழ்க்கை வரலாறுகளிலும் இப்படி ஒரு எழுத்துநடை உண்டு. ஆண்டையோ நாளையோ முதலில் குறித்துவிட்டு, முடிந்த நிகழ்ச்சியை இம்பெர்ஃபெக்தோவில் எழுதி, வாசகரை அந்த நேரத்துக்குள்ளேயே நிறுத்திக் காட்டுவார்கள். ஆண்டு அங்கே வெளிப்படையாக நிற்பதால் பொருள் குழம்புவதில்லை. பேச்சில் இந்த நடை வராது. படிக்கும்போது அடையாளம் கண்டுகொள்ளுங்கள். நீங்கள் எழுதும்போது 'முரியோ' என்றே எழுதுங்கள்.