ஊர்ப் பேரு தெரிஞ்ச அன்னிக்கு

கோட்டையூர்க்காரி:
நாடு முதல்ல வரும், ஊரு கடைசியிலதான் வரும், வெளிநாட்டுக்கு வாலண்டியரா பாடம் சொல்லிக் குடுக்கப் போனவங்களுக்குத் தெரியும். எத்தியோப்பியான்னு ஆறு மாசமா தெரியும். 2011 புரட்டாசி, காரைக்குடி பிரவுசிங் சென்டர்ல மெயிலைத் திறந்தா அசோசா. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி, வீடு காம்பவுண்டுக்குள்ள. அவ்வளவுதான் இருந்துச்சு. பிரிண்ட் எடுத்துக்கிட்டு வந்தா, அப்பச்சி பெட்டியடியில அட்லஸை விரிச்சு வச்சுக்கிட்டு பென்சிலோட உட்கார்ந்திருக்காக. “எங்க ஆத்தா?”ன்னாக. அசோசா மேற்கே சூடான் எல்லை ஓரம். அடிஸ் அபாபாவுல இருந்து பஸ்ஸுல ரெண்டு நாள். சென்டர்லயே தேடிப் பார்த்துட்டுத்தான் வந்திருந்தேன். “தலைநகரத்துக்குப் பக்கத்துலதான் அப்பச்சி”ன்னுட்டேன். அடிஸ் அபாபாவைச் சுத்தி ஒரு வட்டம் போட்டாக. அழுத்திக்கூடப் போடல. நான் அங்க இருக்கும்போதே தவறிட்டாக. அந்த வட்டம் மட்டும் கண்ணை விட்டுப் போக மாட்டேங்குது.

புதுவயல் தம்பி:
எனக்கு தான்சானியா, நெவாலா. பயிற்சி முடியிற அன்னிக்கு செவுத்துல லிஸ்ட் ஒட்டுனாங்க. கூட இருந்தவனுங்க ஏரிப் பக்கம், கடல் பக்கம்னு குதிக்கிறானுங்க. என் பேருக்கு நேரா இருந்ததைப் பார்த்த பழைய வாலண்டியர் ஒருத்தர் வாழ்த்தெல்லாம் சொல்லல. “வாளி எத்தனை வச்சிருக்கே?”ன்னாரு. மகொண்டே பீடபூமி மேல இருக்கிற ஊரு. முந்திரி காய்ச்சுத் தொங்கும், தண்ணிக்குத்தான் பஞ்சம். ஊருணிக்குக் குடம் தூக்குன ஆயா வளர்த்த புள்ள நான், இதுக்கா பயப்படப் போறேன்னு நெனச்சேன். ராத்திரி பூரா முழிச்சுக்கிட்டேதான் கிடந்தேன்.

காரைக்குடி கணக்கர்:
கோட்டையூர் ஆச்சி கோவிச்சுக்கக் கூடாது, பொய் சொன்னது தப்பு. பெரியவுகளுக்கு நம்மளவிட தெம்பு ஜாஸ்தி, சூடான் எல்லைன்னாலும் ஒரு நாள் தூங்காம இருந்திருப்பாக, அப்புறம் தேறியிருப்பாக. எனக்கு மலாவி. லிலாங்வேன்னு சொல்லிட்டுக் கிளம்புறதுக்கு முந்தி வாரம் வேற ஊருக்கு மாத்துனாங்க, அதுதான் என் கதை.

இனிமே போறவங்க கவனிங்க. ஊர்ப் பேரு வந்ததும் மேப்பைத் தேடாதீங்க. வீட்டுச் சாவி இப்ப யார் கையில இருக்குன்னு கேளுங்க. “வீடு தயார்”னு எழுதியிருப்பாங்க, போய் இறங்குனா உள்ள யாராவது குடியிருப்பாங்க. தண்ணி குழாயிலயா, கிணத்துலயா, காசுக்கா? மழைக்கு ரோடு தாங்குமா? மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைக் கடைசி நாள்ல போடாதீங்க, போட்டு 10 நாள் ஆனாத்தான் அட்டை செல்லும். அட்டை இல்லாம எத்தியோப்பியா மாதிரி நாட்டுல இருந்து திரும்புனா, நம்ம ஏர்போர்ட்லயே 6 நாள் வரைக்கும் தனியா வச்சிருவாங்க. மலேரியாவுக்கு டாக்சிசைக்ளின் எழுதிக் குடுத்தா, ஊர் திரும்பியும் 4 வாரம் முழுங்கணும், பாதியில விட்டுறாதீங்க. மலாவியில நிசிமான்னு மக்காச்சோள மாவுல கிண்டித் தருவாங்க. நம்ம களிதான். ஊறுகாய் இருந்தாப் போதும். பெட்டியில சட்டையைக் குறைச்சு அதை வைங்க.

தேவகோட்டை ரஸ்தா:
இதென்ன புதுசா? கொண்டுவிக்க, அதான் வட்டித் தொழில் பண்ண, கடல் தாண்டிப் போனவுக வீட்டுல எல்லாம் இதே கதைதான். எங்க ஐயாவோட சம்பளச் சீட்டு இன்னும் இரும்புப் பெட்டியில கிடக்கு. பர்மாவுல மௌல்மீன், மூணு வருஷம், சம்பளம் இவ்வளவு. கப்பல் ஏறுறதுக்கு முந்தியே எல்லாம் மையில இருக்கு. ஆறு மாசம் நாட்டுப் பேரை மட்டும் சொல்லி உட்கார வைக்கிறதெல்லாம் அப்ப இல்ல. எங்க அப்பத்தாவுக்குக் கடைசி வரைக்கும் அந்த ஊரு பேரு வாயில நுழையல, “மேல்மீனு”ம்பாக. நான் சிரிப்பேன். இப்ப சிரிப்பு வரல.

புதுவயல் தம்பி:
அண்ணே, சீட்டு கதை நல்லாத்தான் இருக்கு. வட்டிக்கு விடப் போனதையும் பாடம் சொல்லிக் குடுக்கப் போனதையும் ஒரே தட்டுல வைக்காதீங்க. 1930கள்ல கீழ் பர்மா நெல் நிலத்துல கால்வாசி நம்ம செட்டியாருங்க கையில வந்து நின்னுச்சு. நெவாலாவுல நான் சேர்த்தது ரெண்டு வாளி.

கண்டனூர் மாப்பிள்ளை:
சண்டைக்கு நடுவுல நான் ஒண்ணு. அண்ணன் மக அமெரிக்காவுல பொறந்தவ, அந்த அரசாங்கத்தோட வாலண்டியர் அமைப்பு பீஸ் கோர்ல சேர்ந்து ஜாம்பியா போனா. மொத்தம் 27 மாசம், முதல் மூணு மாசம் பயிற்சி, அது முடியிற நேரந்தான் ஊரு சொல்லுவாங்க. தரையில சாக்பீஸால நாட்டு மேப்பைப் பெருசா வரைஞ்சு, ஒவ்வொருத்தரையா பேரு சொல்லிக் கூப்பிட்டு, அவங்கவங்க ஊர்ல கொண்டுபோய் நிறுத்துறாங்க. வீடியோவை வளவுல எல்லாரும் கூடிப் பார்த்தோம். எங்க ஆத்தா கிட்டக்க போய்ப் பார்த்துட்டு, “இம்புட்டுப் பெரிய கோலத்து மேல செருப்போட நிக்கிறாளே”ன்னாக. அத்தனை பேரும் சிரிச்ச சிரிப்புல ஊர்ப் பேரைக் கேட்க விட்டுட்டோம். அவ திரும்பியே வந்துட்டா. எனக்கு இன்னும் தெரியாது, இனிமே கேட்கவும் கூச்சமா இருக்கு.

கோட்டையூர்க்காரி:
கணக்கர் அண்ணனுக்கு நன்றி, நான் திரும்பி வந்து பத்து வருஷத்துக்கு மேல ஆச்சு. சாவி விஷயம் நிஜம், எனக்குச் சொன்ன வீட்டுல ஒரு குடும்பமே இருந்துச்சு. அதையும் அப்பச்சிகிட்ட சொல்லல.

முதல் ஞாயித்துக்கிழமை போன்ல “மணி என்ன அங்க?”ன்னாக. அந்த ஊருல விடியுறதுல இருந்து எண்ணுவாங்க, நம்ம ஏழு அவங்களுக்கு ஒண்ணு. பழக்க தோஷத்துல “ஒண்ணு”ன்னுட்டேன். “இங்க ஒன்பதரைதானே, நீ மேற்கயில்ல இருக்கே?”ன்னு பிடிச்சுட்டாக. அவங்க கணக்கை விளக்கி விளக்கிச் சொன்னேன். பக்கத்து ஊருன்னதை உடனே நம்புனவுக, இதை மட்டும் நம்பவே இல்ல.