ஆச்சியின் கல்லறையில் எந்த எழுத்து?

*அண்ணன்:* ஆச்சியின் முதலாம் ஆண்டு நினைவு நாளுக்குள் கல்லறைக் கல் தயாராக வேண்டும். ஆண்டவருடைய நாமத்தின் நான்கு எபிரெய எழுத்துகளுக்கு (யோத், ஹே, வௌ, ஹே) "கையைப் பார், ஆணியைப் பார்" என்று பொருளாம். மேலே நான் அனுப்பிய செய்தியைப் பாருங்கள். அதையே பொறிக்கலாமா?

*அத்தை:* படித்ததும் கண் கலங்கிவிட்டது. பொறிக்கலாம்.

*சித்தப்பா:* அவசரப்பட வேண்டாம். தாத்தாவின் கல்லில் பிறந்த ஆண்டு பிழையாகப் போனது யாரையும் கேட்காமல் செய்ததால்தான். யோத் என்ற எழுத்தின் பெயருக்குக் கையோடு தொடர்பு உண்டு. ஆனால் அந்தச் செய்தி ஆணி என்று சொல்லும் வௌ என்பது கொக்கி. யாத்திராகமம் 27-ஆம் அதிகாரத்தில் ஆசரிப்புக் கூடாரப் பிராகாரத் தூண்களின் கொக்கிகளுக்கு அந்தச் சொல்தான் வருகிறது. அந்த நாமத்தின் பொருளை யாத்திராகமம் 3:14 ("இருக்கிறவராக இருக்கிறேன்") சொல்லியிருக்கும்போது, அதை எழுத்தெழுத்தாகப் பிரித்து நாம் புது வாக்கியம் செய்யத் தேவையில்லை.

*அண்ணன்:* தாத்தா கல்லைப் பற்றிய பேச்சு இப்போது வேண்டாம், சித்தப்பா.

*மயினி:* ஆதியாகமம் 1:1-இல் மொழிபெயர்க்கப்படாத ஆலெப்-தௌ, அதாவது எபிரெயத்தின் முதல், கடைசி எழுத்துகள், கிறிஸ்துவையே குறிக்கிறது என்று கன்வென்ஷனில் கேட்டோமே, மாமா?

*சித்தப்பா:* அந்த இரண்டு எழுத்தும் சேர்ந்தது 'ஏத்' என்னும் சொல், அம்மா. "வானத்தையும் பூமியையும்" என்று நாம் வாசிக்கும்போது, அந்த 'ஐ' உருபில் அது மொழிபெயர்ந்தே இருக்கிறது. ஆபிரகாம் கழுதைக்குச் சேணம் கட்டிய இடத்திலும் அதே சொல் நிற்கிறது. ஆனால் எழுத்தில் சிலுவையைக் காண்பதே தவறு என்று நான் சொல்லவில்லை. எசேக்கியேல் 9:4-இல், பெருமூச்சுவிட்டு அழுகிறவர்களின் நெற்றியில் போடச் சொன்ன "அடையாளம்" எபிரெயத்தில் தௌ. இன்றைய சதுர எழுத்தில் தெரியாவிட்டாலும், பழைய எழுத்தில் அது குறுக்கிட்ட இரண்டு கோடுகள்தான். யூத மரபிலிருந்து கிறிஸ்துவிடம் வந்த ஒருவர் சொல்லக் கேட்டதாக ஆதித் திருச்சபை அறிஞர் ஒரிகென் மூன்றாம் நூற்றாண்டிலேயே இதைக் குறித்திருக்கிறார். வேதாகமத்தை லத்தீனில் மொழிபெயர்த்த ஜெரோமும் எழுதியிருக்கிறார்.

*அண்ணன்:* அப்படியானால் சிலுவையைப் பொறித்தாலே தௌ ஆகிவிடுகிறதே.

*அத்தை:* அம்மா நாள்தோறும் 119-ஆம் சங்கீதத்தில், எபிரெய எழுத்துகளின் பெயரில் பிரிந்த பகுதிகளில் ஒன்றை வாசிப்பார்கள். எட்டு வசனங்கள், 22 நாட்கள், பிறகு மறுபடியும் ஆலெப். அவர்களுடைய வேதாகமம் யாரிடம் இருக்கிறது? தம்பிதான் எடுத்துப் போனான் என்று நினைத்தேன்.

*சித்தப்பா:* நான் எடுக்கவில்லை, அக்கா.

*மயினி:* எங்கள் பீரோவில் இருக்கிறது. பக்க அடையாள நூல் சாமெக் என்ற எழுத்தின் பகுதியில் கிடக்கிறது.

*சித்தப்பா:* சாமெக்கின் வேருக்குத் தாங்குதல் என்று பொருள். 116-ஆம் வசனத்தில் "என்னை ஆதரித்தருளும்" என்பது அதே வேர்ச்சொல். அம்மா அங்கேயா நின்றார்கள்?

*அண்ணன்:* கல் கொத்துபவர் நாளை வாசகம் கேட்பார்.

*அத்தை:* சிலுவையை மட்டும் முதலில் கொத்தச் சொல். வசனத்துக்கு இடம் விட்டு வைக்கட்டும். வெள்ளிக்கிழமை எல்லோரும் வீட்டுக்கு வாருங்கள். அந்த வேதாகமத்தையும் கொண்டு வாருங்கள்.