பள்ளியில் போதைத் தடுப்பு: உறுதிமொழியும் காவல்துறை உரையும் போதுமா?

கரும்பலகை (இழையைத் தொடங்கியவர்):
2022 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு போதைப்பொருளுக்கு எதிரான உறுதிமொழியைப் பள்ளிகளில் எடுக்கச் செய்த பிறகு, நான் பணியாற்றும் பள்ளியிலும் காலை வழிபாட்டில் உறுதிமொழி, காவல் ஆய்வாளரின் உரை, பதாகை பிடித்த பேரணி என்பதே வழக்கமாகிவிட்டது. இதைக் கேட்டு ஒரு மாணவனாவது உதட்டுக்குள் அடக்கிய புகையிலையைத் துப்பியிருப்பான் என்று நான் நம்பவில்லை. லாஸ் ஏஞ்சலஸில் 1983ஆம் ஆண்டு காவல்துறையும் பள்ளி நிர்வாகமும் சேர்ந்து தொடங்கிய 'டேர்' திட்டத்தில் சீருடைக் காவலர்களே வகுப்பெடுத்தார்கள். அமெரிக்கா முழுவதும் பரவிய அத்திட்டத்தை ஆய்வாளர்கள் பலமுறை ஆராய்ந்தும், மாணவர்களின் பழக்கத்தில் சொல்லத்தக்க மாற்றத்தைக் காணவில்லை.

நெல்லைப் பெற்றோர்:
ஆசிரியர் ஐயா, காவலர் பள்ளிக்கு வருவது மாணவனுக்காக மட்டுமன்று, வாசலில் விற்பவனுக்காகவும்தான். கல்வி நிலையத்திலிருந்து 100 கெஜத்துக்குள் புகையிலை விற்கக்கூடாது என்று 2003ஆம் ஆண்டுச் சட்டம் இருந்தும் பெட்டிக்கடைகள் நடக்கின்றன. முதலில் கடையை மூடுங்கள், பாடம் பிறகு நடத்தலாம்.

பள்ளி ஆலோசகர்:
கடையை மூட வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் எய்ம்ஸ் மருத்துவமனை நடத்தி 2019இல் வெளியான தேசியக் கணக்கெடுப்பில், முகர்ந்து போதையேற்றும் பொருள்களைப் பயன்படுத்துவோர் பெரியவர்களில் 0.58 விழுக்காடு, சிறுவர்களில் 1.17 விழுக்காடு. பஞ்சர் ஒட்டும் சொல்யூஷனை விற்பவரை எந்தக் காவலர் கைது செய்வார்? அறிவுரையைவிட, நண்பன் நீட்டும்போது உறவு முறியாமல் மறுப்பது எப்படி என்று நடித்துப் பழகும் வகுப்புகள் மேல். 'எல்லாரும் செய்கிறார்கள்' என்று மாணவர்கள் மிகையாக எண்ணியிருப்பதை, உண்மை அளவைக் காட்டித் திருத்துவதும் அவற்றில் ஒரு பகுதி.

நெல்லைப் பெற்றோர்:
ஐஸ்லாந்தில் முந்தைய மாதத்தில் குடித்து வெறித்திருந்த 15, 16 வயதினர் 1998இல் 42 விழுக்காடு, 2016இல் வெறும் 5. அதை வகுப்பறை நாடகமா சாதித்தது? பிள்ளைகள் இரவில் வெளியே திரிய நேரக் கட்டுப்பாடு, பெற்றோரின் கூட்டு ஒப்பந்தம், மாலையில் விளையாட்டும் இசையும் என ஊரே சேர்ந்து நின்றது.

கரும்பலகை:
உடற்கல்விப் பாடவேளையைக் கணக்கு ஆசிரியர் கேட்டு வாங்கிக்கொள்ளும் பள்ளியில் அமர்ந்துகொண்டு ஐஸ்லாந்தைப் பேசுகிறோம்! ஆலோசகர் சொல்லும் வகுப்புக்கும் இதுவே கதி: பத்தாம் வகுப்புக்கு அந்த நேரத்தை எந்தத் தலைமையாசிரியர் ஒதுக்குவார்?

பள்ளி ஆலோசகர்:
பொதுத்தேர்வு நெருக்காத ஏழாம், எட்டாம் வகுப்பிலேயே தொடங்கலாம். அதைவிடப் பெரிய தடை டி.சி.தான். கல்வி உரிமைச் சட்டப்படி எட்டாம் வகுப்பு முடியும்வரை யாரையும் வெளியேற்ற இயலாது. ஒன்பதாம் வகுப்பில் மாட்டிக்கொண்டால் டி.சி.யைக் கையில் கொடுத்து அனுப்புகிறார்கள் என்று தெரிந்த மாணவன், என்னிடம் வாய் திறப்பானா?

நெல்லைப் பெற்றோர்:
அவன் பக்கத்தில் அமர்ந்திருப்பது என் மகன், அம்மா. விற்றவன் பெயரைச் சொன்னால் டி.சி. இல்லை என்று வையுங்கள், ஒப்புக்கொள்கிறேன். சிறுவருக்குப் போதைப்பொருள் கொடுப்பவருக்கு ஏழாண்டு வரை சிறை என்று இளைஞர் நீதிச் சட்டமே சொல்கிறது.

பள்ளி ஆலோசகர்:
பெயரைச் சொன்னால் தெருவில் அவனுக்கு அடி விழும், சொல்லாவிட்டால் பள்ளியில் இடமில்லை. அந்த நிபந்தனைக்கு அவன் ஏதாவதொரு பொய்ப் பெயரைத்தான் தருவான். அவனைப் பள்ளியிலேயே வைத்துக்கொண்டு மாவட்ட மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அனுப்புவதற்கு, பெற்றோர் ஆசிரியர் கழகத்தில் நீங்கள் கையொப்பமிடுவீர்களா?

நெல்லைப் பெற்றோர்:
முதல் முறை என்றால் இடுவேன். இரண்டாம் முறைக்கு இடமாட்டேன்.