கம்பி எடுத்தாச்சு, பையனுக்கு முழங்கை நீட்ட வரல. எண்ணெய் போட்டு நீவலாமா?

தேனிக்காரி:
பையனுக்கு 6 வயசு. ஊஞ்சல்ல இருந்து கைய ஊணி விழுந்து முழங்கைக்கு மேல ஒடஞ்சிருச்சு, சுப்ராகாண்டைலர் ஃப்ராக்சர்னு சொல்லி ரெண்டு கம்பி வச்சு மாவுக்கட்டு போட்டாங்க. 4 வாரத்துல கட்டும் பிரிச்சு கம்பியும் உருவியாச்சு, எக்ஸ்ரேல கூடிருச்சாம். ஆனா 10 நாளாச்சு, கை பாதி மடங்குனாப்லயே நிக்குது, தோளத் தொடக்கூட முடியல. டாக்டர் "தானா வரும், விளையாட விடுங்க"ன்னு ரெண்டு வார்த்தையில முடிச்சிட்டார். மாமியார் என்னடான்னா ஊர்ல எலும்பு கட்டுறவர்கிட்ட எண்ணெய் போட்டு நீவி இழுத்துவிட்டா ஒரே வாரத்துல சரியாயிரும்னு தினம் புலம்பல். யாராச்சும் இத பாத்திருக்கீங்களா? சாப்பாட்டுல என்ன சேக்கணும்?

கரூர் அப்பா:
நீவ மட்டும் விட்றாதீங்க சிஸ்டர். என் பொண்ணுக்கும் இதே முறிவுதான், பெரியவங்க பேச்ச கேட்டு ரெண்டு தடவ இழுத்துவிட்டோம், மறுநாளே வீங்கி சூடாகி இருந்த அசைவும் போச்சு, புள்ள கைய தொட்டாலே கத்த ஆரம்பிச்சிட்டா. அப்புறம் சும்மா விட்டதுலதான் 3 மாசத்துல முக்காவாசி வந்துச்சு, கடைசி கொஞ்சம் நீள்றதுக்கு இன்னும் சில மாசம் ஆச்சு. முறுக்கு டப்பாவ கொஞ்சம் ஒசரத்துல வைங்க, அதவிட நல்ல எக்சர்சைஸ் கிடையாது.

பிசியோ அக்கா:
கரூர் அண்ணன் சொன்னது சரி. அடிபட்ட முழங்கைய அமுக்கி இழுத்தா அந்த தசைக்குள்ளயே எலும்பு வளந்துடலாம், மயோசைட்டிஸ் ஆசிஃபிகன்ஸ்னு பேரு, அப்புறம் கை நெசமாவே பூட்டிக்கும். மணல் பைய தொங்கவிடுறது, வாளி தூக்க வைக்கிறது எதுவும் வேணாம். வெதுவெதுப்பான தண்ணியில கைய போட்டு அவனே ஸ்பாஞ்ச் பிழியட்டும், சப்பாத்தி மாவு உருட்டட்டும், அவனா எவ்ளோ மடக்குறானோ அவ்ளோதான். விரல் மரத்துப்போச்சு, விரல நீட்ட முடியல, இல்ல நீட்டும்போது கை உள்பக்கமா கோணுதுன்னா தள்ளிப்போடாம காட்டுங்க. முழங்கைப் பக்கம் எலும்பு வளர்ச்சி கம்மி, கோணல் தானா நேராகும்னு நம்ப முடியாது. தோல் உரியுதுன்னா தேங்காண்ணெய் லேசா தடவலாம், உங்க மாமியாருக்கும் திருப்தி :)

ராகிக்களி:
சாப்பாட்டுக்கு வர்றேன். எல்லாரும் ஆட்டுக்கால் சூப்தான் சொல்வாங்க, ருசிக்கு குடிக்கலாம், ஆனா அந்த தண்ணியில கால்சியம் ரொம்ப கம்மி. 100 கிராம் கேழ்வரகுல சுமார் 350 மில்லிகிராம் இருக்கு, 6 வயசுக்கு ஒரு நாளைக்கு 550 போதும்னு ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில்) கணக்கு. ஒரு கேழ்வரகு தோசை, ரெண்டு டம்ளர் பால், கொஞ்சம் எள்ளுருண்டை, ஏறக்குறைய முடிஞ்சுது. பகல் வெயில்ல விளையாட விடுங்க, ஜன்னல் கண்ணாடிக்கு உள்ள உக்காந்தா விட்டமின் டி கிடைக்காது. டி ஊசியெல்லாம் டெஸ்ட் பாக்காம நீங்களா போடாதீங்க.

தேனிக்காரி:
எல்லாருக்கும் நன்றி, இத அப்படியே மாமியாருக்கு படிச்சுக் காட்டிட்டேன், முனகிட்டே சரின்னுட்டாங்க. ஸ்கூல்ல பிடி பீரியடுக்கு அனுப்பலாமா, சைக்கிள் வேற கேக்குறான்?

பிசியோ அக்கா:
ஓடட்டும். சைக்கிள், மரமேறுறது, ஊஞ்சல் மட்டும் டாக்டர் அடுத்த செக்கப்புல ஓகே சொல்ற வரைக்கும் வேணாம், அதே கைய ஊணி திரும்ப விழுந்து வர்ற பசங்கள நிறைய பாக்குறோம்.